நாகப்பட்டினம் சேசு சபை மடம்: கோபுரத்தை இடிக்கக் கேட்டது யார்?

வெளிப்பாளையத்தான்:
நாகையில் இருந்த சேசு சபை (கத்தோலிக்கத் துறவியர் சபை) மடத்தின் வரலாறு என்று மலைக்கோட்டை அன்பர் போன வாரம் எழுதினார். 1844-ல் சூசையப்பர் கல்லூரியைத் தொடங்கினார்களாம், காலி மனையில் கட்டடம் எழுப்பினார்களாம், 1883-ல் திருச்சிக்குப் போய்விட்டார்களாம். காலி மனையா? அங்கே மூன்று நிலைச் செங்கல் கோபுரம் நின்றது ஐயா! ஊர்க்காரர்களுக்கு அது புதுவெளிக் கோபுரம், ஐரோப்பியருக்குச் சீனக் கோயில். சாந்து பூசாமல் கல்லோடு கல் நெருக்கி அடுக்கிய வேலை, நிலைக்கு நிலை விளிம்பு, பக்கத்துக்கு ஒரு வாசல். 1846-ல் ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் நேரில் பார்த்திருக்கிறார். 1867-ல் அதை இடித்தார்கள். இதை மட்டும் எப்படி மறந்தீர்கள்?

மலைக்கோட்டை:
மறக்கவில்லை. இடிக்க உத்தரவு போட்டது மதராஸ் அரசாங்கம். அப்போது கவர்னர் நேப்பியர் பிரபு. வெள்ளைக்காரன் போட்ட உத்தரவுக்குப் பாதிரியார்களை ஏன் இழுக்கிறீர்கள்? அது மேற்கூரை போன வெறும் கூடு. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெளிப்பாளையத்தான்:
உத்தரவு தானாக வருமா? கேட்டது யார்?

வடவாற்றுக்கரை:
மடம், கல்லூரி, குருக்கள் இல்லம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். முதலில் எதை மடம் என்கிறோம்?

மலைக்கோட்டை:
அனுமதி கொடுத்தது அரசாங்கம். கேட்பது குற்றமா?

கொள்ளிடம் ராசு:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். கோபுரம் சீனர்கள் கட்டியது. 14-ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி வாங் தாயுவான் இப்படி ஒரு செங்கல் கோபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1267-ல் வேலை முடிந்ததாக அதில் சீன எழுத்து இருந்ததாம். அதை நம் சொத்து என்று உரிமை கொண்டாடுவதே தப்பு.

வெளிப்பாளையத்தான்:
ராசு, தரங்கம்பாடிக் கோட்டையைப் போர்த்துக்கீசியர் கட்டியது என்று சாதித்தவர்தானே நீங்கள்? 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

சரி, சீனரே கட்டியிருக்கட்டும். அந்த மண் யாருடையது? ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய (சுமத்ரா) அரசன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தார்கள். சோழர்களின் லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். 1856-ல் ஓர் இலுப்பை மரத்தை வெட்டும்போது அடியில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. அதிலிருந்து 1930-கள் வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் மண்ணைத் தோண்டினால் புத்தர். மொத்தம் சுமார் 350. பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. இது தெரிந்தும் 1867-ல் இடிக்கக் கேட்டார்கள். கேட்டது யார்? அதற்கு மட்டும் பதில் வரமாட்டேன் என்கிறது.

கொள்ளிடம் ராசு:
தரங்கம்பாடி பேச்சு இங்கே எதற்கு? நான் சொன்னது கோட்டையை அல்ல, ஊரை.

வெளிப்பாளையத்தான்:
கோட்டை என்றுதான் எழுதினீர்கள்.

மலைக்கோட்டை:
இடித்ததைச் சொல்லும் வாய் படிப்பைச் சொல்லாதா? ரயிலும் சரியாக வராத காலத்தில் டெல்டாப் பிள்ளைகளுக்குக் கல்லூரி வைத்தவர்கள் அவர்கள். 1866-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நாகை அதைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை, திருச்சி வளர்த்தது. நான் படித்த வளாகம் அது. அதன் மீது சேறு வீசினால் சும்மா இருக்க மாட்டேன்.

வெளிப்பாளையத்தான்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்ற கோபுரத்தை இடித்துவிட்டு, பதினாறே வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கல்லூரி உங்களுக்கு, இடிபாடு எங்களுக்கா? டச்சுக்காரன் 1658-ல் ஊரைப் பிடித்தான், 1781 வரை ஆண்டான். அவன்கூட நிற்கவிட்டான்.

வடவாற்றுக்கரை:
மடம் என்றால் என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

மலைக்கோட்டை:
உத்தரவில் இருப்பது அரசாங்கத்தின் கையெழுத்து. 1867 ஆகஸ்ட் 28. அவ்வளவுதான்.

வெளிப்பாளையத்தான்:
அதே உத்தரவை முழுசாகப் படியுங்கள். கல்லூரிக்காரர்கள் தங்கள் சொந்தச் செலவில் கோபுரத்தை அகற்றலாம், கிடைக்கும் பொருளைப் பள்ளிக் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. சொந்தச் செலவில்! கேட்காதவனுக்கா இப்படி எழுதிக் கொடுப்பார்கள்?

மலைக்கோட்டை:
படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். கையெழுத்து யாருடையது?

வெளிப்பாளையத்தான்:
கேட்டது யார்?