ஜப்பானிய வகுப்பில் எழுத்துத் தேர்வு எதற்கு?

கதிரவன்:
எழுத்துத் தேர்வை எடுத்துவிட்டு, மாணவர்கள் எழுந்து நின்று பேசும் ஹாப்யோவை மட்டும் வைக்க வேண்டும் என்கிறேன். 1984 முதல் நடக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்விலேயே பேச்சுப் பகுதி கிடையாது; விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். வகுப்பாவது பேச வைக்க வேண்டாமா? வகுப்புத் தேர்வுகளில் மணி சொல்லும் கேள்வியை நான் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. ஒரு ஜப்பானியர் நேரில் மணி கேட்டதும் "யோன்ஜி" என்றேன். நான்கு மணிக்கு "யோஜி" என்றுதான் சொல்ல வேண்டும்.

செல்வி:
அது தப்பு என்று உங்களுக்கு உடனே உறைத்ததே, அந்த அறிவு தேர்வுக்குப் படித்ததால் வந்தது. ஹாப்யோவில் வராத இலக்கணத்தின் பக்கமே போகாமல் ஒப்பேற்றிவிடலாம். தேர்வு அப்படி நழுவ விடாது. காஞ்சி என்ற சீன வழி எழுத்துகளை என்ன செய்வீர்கள்? அன்றாடப் பயன்பாட்டுக்கான ஜோயோ பட்டியலில் மட்டும் 2136. காத்திருப்பதற்கான "மாட்சு", கையில் வைத்திருப்பதற்கான "மோட்சு" இரண்டிலும் வலப்பக்கம் கோயிலைக் குறிக்கும் அதே எழுத்து, இடப்பக்கம்தான் வேறு. வாராவாரம் சிறு தேர்வு எழுதித்தான் எனக்கு அந்தக் குழப்பம் தீர்ந்தது. வாயால் பேசுகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

கதிரவன்:
சரி, காஞ்சிக்குத் தேர்வு இருக்கட்டும். அப்புறம் துணைச்சொற்களுக்கும் இலக்கணத்துக்கும் எதற்கு? "வா" வருமா "கா" வருமா என்று கோடிட்ட இடத்தை நிரப்பியே ஒரு வருடம் போனது. வாயில் இன்னும் வரவில்லை.

மீனாட்சி:
நான் வகுப்பு எடுப்பவள். கதிரவன் நம்புகிற அளவுக்கு ஹாப்யோ நேர்மையானது இல்லை. வார இறுதியைப் பற்றி ஒரு மாணவி ஐந்து நிமிடம் பிசிறில்லாமல் பேசினாள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் "தாரே தோ இகிமாஷ்தா கா?" என்றான். யாரோடு போனாய், அவ்வளவுதான் கேள்வி. கையிலிருந்த தாளைப் புரட்டிக்கொண்டே நின்றாள். அதில் பதில் இல்லை. பாவம், உழைக்காத பெண் இல்லை. நான்தான் தப்பான இடத்துக்கு மதிப்பெண் வைத்திருந்தேன். இப்போது பேச்சுக்குப் பாதி, அதன் பிறகு வரும் கேள்விகளுக்குப் பாதி. சிறு தேர்வையும் விடவில்லை.

செல்வி:
இதை ஏற்கிறேன். ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள்? எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே தெரிந்ததும் மறந்துவிடும். அது மொழி வராததால் இல்லையே.

மீனாட்சி:
அவர்களை மேடையேற்றுவதில்லை. இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் பேச மற்றவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

கதிரவன்:
மூன்று கேள்வி என்றால் அங்கே "யோஜி" கட்டாயம் வரும். அப்படியானால் என் பாதி மதிப்பெண்ணை அதற்கே தாருங்கள், இலக்கணத் தாளுக்கு வேண்டாம்.