கணவரின் கணக்கில் 4417 என்ற எண்: ஜீவனாம்ச வழக்கில் உதவி தேவை

இழை தொடங்கியவர்: கணவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வங்கி விவரத்தில், 4417 என்று முடியும் கணக்கிற்கு அடிக்கடி 25,000 ரூபாய் போகிறது. வியாழக்கிழமை வாய்தா. அது யாருடைய கணக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெல்லைக்காரன்: எந்த ஊர் நீதிமன்றம், எத்தனை ஆண்டு விவரம், போன பணம் திரும்பி வந்ததா என்று எதையுமே எழுதவில்லையே! என் கணிப்பில் அது ஏலச்சீட்டு.

மதுரை வாசகி: ஏலச்சீட்டில் தள்ளு (சீட்டு எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகையில் நம் பங்கு) கழிவதால் கட்டும் தொகை மாதாமாதம் மாறும். அண்ணன் தம்பி பெயரில் பணத்தை ஒதுக்குகிறார் என்றே நினைக்கிறேன்.

மூத்த உறுப்பினர்: இதற்குப் பலமுறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் அவருடைய வருமான வரிக் கணக்கைக் கேளுங்கள்.

நெல்லைக்காரன்: வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல் என்று 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொன்னதை ஐயா படிக்கவில்லை போலும்.

மூத்த உறுப்பினர்: மொத்த வருமானத்தை மட்டும் மனைவிக்குத் தரலாம் என்று மத்தியத் தகவல் ஆணையம் சொன்னதைத் தாங்கள் படிக்கவில்லை போலும்.

இழை தொடங்கியவர்: கோவை குடும்ப நல நீதிமன்றம், மூன்று ஆண்டு விவரம். மார்ச் 3 அன்று போன 25,000, ஏப்ரல் 18 அன்று 25,187 ஆக வந்திருக்கிறது. குறிப்பில் 4417 தவிர வேறு எண் இல்லை.

ஓய்வுபெற்ற காசாளர்: சகோதரி, இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். நெஃப்ட் மூலம் வேறு வங்கிக்குப் போயிருந்தால் எழுத்தும் இலக்கமுமாக 16 குறிகள் கொண்ட யுடிஆர் என்ற பரிமாற்ற அடையாள எண்ணும், யுபிஐ என்றால் 12 இலக்க எண்ணும் பெரும்பாலும் குறிப்பில் இருக்கும். இரண்டும் இல்லாமல், முழுத்தொகையாகப் போய் 46 நாளில் 187 ரூபாய் வட்டியோடு திரும்பியிருப்பதைப் பார்த்தால், சேமிப்புக் கணக்கோடு இணைந்த ஸ்வீப் வைப்பாகத்தான் (கணக்கில் மிகுதியாகும் பணம் தானாகவே போய்ச் சேரும் வைப்பு) தெரிகிறது. பணம் அவர் பெயரிலேயேதான் இருக்கும். அந்த வைப்பு பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், சான்றிட்ட வைப்பு விவரத்தை வங்கியிடமிருந்து வரவழைக்க உங்கள் வழக்கறிஞர் மனுப் போடட்டும்.

மதுரை வாசகி: இருந்தாலும் தம்பியின் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது.

இழை தொடங்கியவர்: பத்திரத்தில் இல்லை. வைப்புதான் என்று எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது. திருத்திய பத்திரம் தர இரண்டு வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறார்கள். காசாளர் ஐயாவுக்கு நன்றி.