சென்னையிலிருந்து கார்ல போக நல்ல மலைப்பாதை எது?

பெரம்பூர்க்காரன்: ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுக் கிளம்புறேன். ஊர் எதுவானாலும் சரி, ரோடு அழகா இருக்கணும்.

அண்ணாநகர்: ஏலகிரி போங்க. 14 கொண்டை ஊசி வளைவு.

குரோம்பேட்டை: லீவு நாள்ல அங்கே கூட்டம் சார். எனக்கு உசுரு ஜவ்வாது மலைதான். வாணியம்பாடியில ஹைவேயை விட்டு ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், அப்புறம் போளூர் இறங்குங்க. காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. வழியெல்லாம் காடு, நடுநடுவே சாமைக் கொல்லை. இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சிட்டு வந்தா சூடாகிக் கருகல் வாடை அடிக்கும். செகண்ட் கியர்ல விடுங்க, எஞ்சினே வண்டியைப் பிடிச்சுக்கும். ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க.

பெரம்பூர்க்காரன்: அப்பாவுக்கு வளைவுல தலை சுத்துமே?

குரோம்பேட்டை: முன் சீட்ல உட்கார வைங்க, கண்ணாடியை இறக்கி விடுங்க. கொல்லிமலை மட்டும் இப்ப வேண்டாம், அங்கே 70 வளைவு.