புதுப்பிப்பு: மகளின் வறண்ட சுருள்முடி, இப்போது எப்படி இருக்கிறது?

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். மகளுக்கு ஆறு வயது. அவள் அப்பாவுக்குச் சொந்த ஊர் கானா. அவருடைய அடர்ந்த சுருள்முடிதான் அவளுக்கும். காரைக்குடி வந்ததிலிருந்து முடி காய்ந்து ஒடிகிறது, சீப்பைக் கண்டாலே அழுகிறாள் என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, 'காய்ந்த முடியில் சீப்பு வைக்காதீர்கள்' என்ற யோசனைதான். வாரம் மூன்று முறை சீயக்காய் போட்டதை நிறுத்தினேன். ஒரே ஒரு முறை மென்மையான ஷாம்பு. ஈரத்தோடு கண்டிஷனர் தடவி, நான்காகப் பிரித்து, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே போகிறேன். அலசியதும், ஈரம் காயும் முன்பே கொஞ்சம் தேங்காய் எண்ணெய். முன்பெல்லாம் காய்ந்த முடியில் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஈரத்தைத் தராது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் காக்கும், அவ்வளவுதான். நெருங்கிய சுருளில் தலையின் இயற்கையான எண்ணெய் நுனிவரை எளிதில் இறங்காது என்பதும் இப்போதுதான் புரிந்தது.

எதிர்பாராத உதவி என் அம்மாவிடமிருந்து வந்தது. பழைய பட்டுச்சேலையில் தலையணை உறை தைத்துக் கொடுத்தார். காலைச் சிக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. இறுக்கிப் பின்னியபோது மட்டும் நெற்றியோரம் சிவந்தது, தளர்த்தியதும் சரியானது.

இப்போது சீப்பை அவளே எடுத்துக்கொண்டு போய் ஆயா (என் அம்மா) மடியில் உட்கார்கிறாள்.