பொருள்: வேலி போட்ட திகதியை முதலில் கேளுங்கள்

அன்பான ஊர் உறவுகளே,

ஊரில் உள்ள தன் காணியை யாரோ வேலி போட்டு உள்ளே எடுத்துவிட்டதாக நோர்வேத் தம்பி எழுதிய மடலைப் பார்த்ததில் இருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. "ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவோம்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பேசுங்கள். ஆனால் தம்பி, அதற்கு முதல் அந்த வேலி என்றைக்குப் போட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

எங்கட வளவு அம்மாவின் சீதனம். 1990இல் இடம்பெயர்ந்த பிறகு குடியிருக்க ஆளில்லை, மச்சாள்தான் தேங்காய் பறிப்பித்து வந்தார். ஒருநாள் போனால், கிணற்றடியை உள்ளே எடுத்துப் புதுக் கதியால் வேலி. கதியால் துளிர்த்தும் விட்டது என்று அழுதார். நான் கனடாவில் இருந்து ஒவ்வொருவராக அழைத்துப் பேசிப் பேசியே நாலு மாதம் போனது.

அந்த நாலு மாதம்தான் எங்களைக் கெடுத்தது. கைகலப்பு வரக்கூடிய காணிப் பிணக்குக்கு இலங்கையில் ஆரம்ப நீதிமன்ற நடைமுறை பற்றிய 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தில் 66ஆம் பிரிவு இருக்கிறது. வழக்கைப் பதிவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால், உறுதி (காணிப் பத்திரம்) யாருடையது என்று பார்க்காமலே ஆரம்ப நீதிமன்றம் ஆட்சியை, அதாவது காணியை வைத்திருக்கும் அனுபவத்தை, திருப்பித் தரலாம். பிந்தினால் மாவட்ட நீதிமன்றத்தில், காணி யாருக்குச் சொந்தம் என்று தீர்க்கும் உரித்து வழக்குத்தான். அங்கே நம் உரித்தை நிரூபிக்கும் பாரம் நம் தலையில்.

எதிராளி பத்து வருட ஆட்சி என்று நின்றார். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தடையில்லாமல் எதிருரிமையோடு (சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல்) பத்து வருடம் ஆண்டால் காணி அவருக்கே. எங்களைக் காப்பாற்றியது மச்சாள் கணக்கு எழுதி வந்த சீ.ஆர். கொப்பி. ஒவ்வொரு பறிப்புக்கும் திகதி, காய்க் கணக்கு, ஏறியவரின் கூலி, "கிணற்றடி மரம் நாலு" என்று தனி வரி. எண்ணெய்க் கறையோடு அதை நீதிமன்றத்தில் காட்டினார். பிறகு நீதிமன்றம் அனுப்பிய நில அளவையாளர் பூவரசடியில் தோண்டினார். பழைய எல்லைக்கல் அங்கேயே இருந்தது.

ஐந்து வருடத்தின் பின் சமாதானமாக முடித்தோம். வேலி பழைய எல்லைக்குப் போனது, தண்ணீர் அள்ள அவர்களுக்கு ஒரு நடைபாதை விட்டோம். "அதுகளும் தண்ணி குடிக்கத்தானே வேணும்" என்றார் அம்மா. அதையும் தீர்ப்பில் எழுதுவித்தோம், வாய்ப்பேச்சாக விடவில்லை.

தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் எங்கள் ஊருக்கும் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வடமாகாணத் தமிழருக்குரியது, மட்டக்களப்புக்கு இல்லை. அப்புறம், தம்பியின் காணி உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்று பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரம் என்றால் முதலில் பிரதேச செயலகம்.

தம்பி, ஊரில் உங்களுக்காக நிற்பவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்கத் தூதரகத்தில் நாள் எடுங்கள். வேலி போட்ட திகதியை இன்றிரவே உங்கள் அக்காவிடம் கேளுங்கள். எங்கள் சட்டத்தரணியின் இலக்கத்தை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.