நடைபாதைச் சுவரில் ஒரே ஒரு பெரிய 'அ': கதவு குறுக்கே வந்தால் அசிங்கமா?

சாட்ஸ்வொர்த்வாசி:
எங்கள் தமிழ் மன்றத்து மண்டப நடைபாதை 18 மீட்டர் நீளம், அகலம் 2 மீட்டர்கூட இருக்காது. இரண்டு பக்கமும் அழுது வடியும் கிரீம் கலர், இடப்பக்கம் இரண்டு கதவு, ஒரு தீயணைப்பு ஹோஸ். கமிட்டிக்காரர்கள் வள்ளுவர் படத்தை வினைலில் ஒட்டலாம் என்கிறார்கள். எனக்கோ தரையிலிருந்து கூரை வரை ஒரு 'அ' பெயின்ட் அடிக்க ஆசை. ஆனால் கதவு எழுத்தை வெட்டுமே? காசும் பெயின்டுக்கு மட்டும்தான் இருக்கிறது.

போர்டு எழுதுகிறவன்:
வெட்டட்டும், கதவையும் சேர்த்தே அடியுங்கள். கலிஃபோர்னியாவில் ஸீ ரேஞ்ச் என்ற கடலோரக் குடியிருப்பின் நீச்சல் கிளப் உள்சுவர்களில் 1960களில் பார்பரா ஸ்டாஃபாகர் சாலமன் என்ற வடிவமைப்பாளர் அதைத்தான் செய்தார்: மூலை திரும்பும் பட்டைகள், முழுசாகத் தெரியாத ராட்சத வடிவங்கள். அங்கேயும் காசு குறைவு, பெயின்ட்தான் மலிவு. இதற்கு சூப்பர்கிராஃபிக்ஸ் என்று பெயர் வந்தது அப்புறம்தான்.

உங்கள் சிக்கல் கதவு இல்லை, அகலம். பின்னால் தள்ளி நின்று பார்க்க இடமில்லாத சுவரில் பெரிய எழுத்து எப்போதும் சாய்வாகத்தான் தெரியும், நசுங்கிப்போகும். அதனால் 'அ'வை இழுத்துவிடுங்கள். சுழி வாசல் பக்கம், படுக்கைக் கோடு கதவுகள் மேலேயே 15 மீட்டர் ஓடட்டும், கடைசியில் நிற்கும் கோடு. நடந்தால்தான் எழுத்து முடியும். உள்ளே போகும்போது இடக்கைச் சுவரில் வரையுங்கள், வலப்பக்கம் என்றால் எழுத்து நமக்கு எதிரே வரும்.

ரோலர் அண்ணாச்சி:
கலிஃபோர்னியா வரை போகணுமா தம்பி? நம் தென்னாப்பிரிக்காவின் ந்டெபெலே இனப் பெண்கள் வீட்டுச் சுவர் முழுக்க வரைகிறார்களே! அவர்களில் ஒருவரான ஓவியர் எஸ்தர் மஹ்லாங்கு டேப், ஸ்கேல் எதுவும் இல்லாமல் கோழி இறகால் கோடு போடுகிறவர், 1991ல் பிஎம்டபிள்யூ காரிலேயே வரைந்தார். நமக்கு அந்தக் கை இல்லை, சரி, டேப் ஒட்டுங்கள். ஆனால் பெயின்ட் முழுசாகக் காய்வதற்கு முன்னால் உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் பிய்ந்து வரும். டர்பன் ஈரத்தில் சுவர் உப்புப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுரண்டி பிரைமர். ஹோஸ் பக்கத்தில் சிவப்பு வேண்டாம், அவசரத்தில் ஹோஸ் கண்ணில் படாது.

இன்னொன்று, கட்டடத்துக்கு 60 வயது தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் பாரம்பரியச் சட்டத்தில் பெயின்ட் அடிப்பதும் 'மாற்றம்' கணக்கில் வரலாம், நம் மாகாணப் பாரம்பரிய அமைப்பான அமாஃபாவில் கேட்டுவிடுங்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி:
வயது அதை ஒட்டித்தான் இருக்கும், கேட்கிறேன் அண்ணா. 15 மீட்டர் கோட்டை முதலில் சாக்பீஸில் போட்டு கமிட்டியை நடக்கவிடப் போகிறேன்.