கிளட்ச் பிடிக்கும் இடம்

டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வாங்கிய பலருக்கு வண்டியைக் குலுங்காமல் எடுக்கத் தெரியாது. காரணம், மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நாம் காலைச் சட்டென்று எடுத்தாலும் அவர் மிதித்துச் சமாளித்துவிடுவார். வண்டி அழகாக நகர்வதைப் பார்த்து நாமும் கற்றுக்கொண்டதாக நம்பிவிடுவோம்.

எனக்கு நிஜமாகவே சொல்லிக்கொடுத்தது சித்தப்பா. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன்னுடைய டீசல் ஸ்விஃப்டில் ஆளில்லாத ஒரு லேஅவுட்டுக்குக் கூட்டிப்போய், "ஆக்ஸிலரேட்டர் பக்கமே கால் போகக் கூடாதும்மா" என்றார். முதல் கியர், வெறும் கிளட்ச், அவ்வளவுதான். குதிகாலைத் தரையில் ஊன்றியபடி மெதுவாக விட்டால் ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் லேசாகக் கம்மும், ஆர்.பி.எம். முள் கொஞ்சம் இறங்கும், வண்டி முன்னால் போகத் துடிக்கும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம்.

"நகர ஆரம்பிச்சதும் எல்லாரும் காலை எடுத்துடுறாங்க. நீ எடுக்காத. அங்கேயே வை, ரெண்டு மூணு செகண்டு."

அந்த ரெண்டு மூணு செகண்டில்தான் விஷயமே இருக்கிறது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது, இன்ஜினின் ஃபிளைவீல் (இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்) நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுழல்கிறது. நிற்கும் வண்டியில், கியர் போட்டபின், சக்கரங்களோடு இணைந்துவிட்ட கிளட்ச் பிளேட் அசையாமல் இருக்கிறது. கிளட்சை விடும்போது அது ஃபிளைவீலோடு உரசி, வழுக்கி வழுக்கித்தான் அதன் வேகத்தை எட்ட வேண்டும். முதல் கியரில் 800 சுற்று என்பது சிறிய கார்களில் மணிக்கு 6 கிலோமீட்டர் அளவு, வேகமாக நடக்கும் வேகம். அதற்கு முன்னால் காலை எடுத்தால் வண்டி துள்ளும், இல்லையென்றால் ஆஃப் ஆகும். அந்த வேகம் வந்தபின் எடுத்தால் எடுத்ததே தெரியாது.

டீசலில் இழுவை அதிகம், ஆக்ஸிலரேட்டர் இல்லாமலே பழகலாம். (மாருதி 2020-இல் டீசலை நிறுத்தியதில் சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்.) என்னுடையது சின்ன பெட்ரோல் கார். ஏசி ஓடும்போது முள் 1,200, 1,500 வரை போகிற மாதிரி லேசாக மிதித்துக்கொண்டால் நிம்மதி.

உண்மையான பரீட்சை மேட்டில்தான். தி.நகர் துரைசாமி சப்வேயிலிருந்து ஏறும்போது நெரிசலில் நின்று பாருங்கள், பின்னால் பம்பரை உரசுகிற மாதிரி ஒரு ஆட்டோ நிற்கும். அங்கே ஹேண்ட்பிரேக்தான் துணை. ஹேண்ட்பிரேக் போட்டபடியே கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விட வேண்டும். வண்டி இழுப்பது தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது. சிலர் ஹேண்ட்பிரேக்கும் போடாமல், பிரேக்கும் மிதிக்காமல், கிளட்சைப் பாதி விட்ட ஹாஃப் கிளட்சிலேயே மேட்டில் நிறுத்தி வைத்திருப்பார்கள். கருகல் வாடை வந்தால் அது பிளேட் தேய்கிற வாடை.

புதிய கார்கள் பலவற்றில் ஹில் ஹோல்ட் இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தபிறகும் ஓரிரு நொடி வண்டியைப் பிடித்து வைக்கும். நல்ல வசதிதான், சித்தப்பா மட்டும் நம்புவதாக இல்லை.

அப்புறம், பிடிக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். வேறொருவர் காரை எடுத்தால், ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டே நான் கேட்டைத் தாண்டுவேன்.